கழிவுத் தேயிலை: மண்ணுக்கா, கோப்பைக்கா?

1869இல் பரவிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், அட்டன், நுவரெலியா மலைகளில் தேயிலை வேரூன்றியது. தொழிற்சாலையில் தூளைச் சலிக்கையில் காம்பும் நாரும் கூட்டிப் பெருக்கிய தூளும் ஒதுங்கும். அதுவே கழிவுத் தேயிலை. அதிலிருந்து கஃபீன் பிரித்தெடுக்கலாம், உரமாகவும் இடலாம். இது நேர்மையான வணிகம். அதே கழிவை நல்ல தூளோடு கலந்து விற்பது மோசடி. 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றிக் கழிவுத் தேயிலை வணிகம் செய்வதைத் தடுத்தது. ஆயினும் மலையக வீதிகளில் அதை ஏற்றிய லொறிகள் பிடிபடும் செய்திகள் ஓயவில்லை. இலாபம் இடைத்தரகருக்கு. இலங்கைத் தேயிலையின் நற்பெயர் கெட்டு விலை சரிந்தாலோ, ‘தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது’ என்ற பதில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளக் கோரிக்கைக்கே முதலில் கிடைக்கும்.