ஜியோஜீப்ரா வகுப்பை ஆய்வுக் கட்டுரையாக்குவது எப்படி? கணிதப் பேராசிரியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பி.எட். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், வருங்காலக் கணித ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா மென்பொருளில் வகுப்பு எடுக்கிறார். வகுப்பு நன்றாகவே போகிறது. இதைக் கட்டுரையாக எழுதினால் பதவி உயர்வுக்கும் உதவும். ஆனா, எங்கே அனுப்புவது?

பட்டியல் இப்போது இல்லை

முன்பு 'யுஜிசி கேர்' பட்டியலைப் பார்த்தால் போதும். 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கைவிட்டது. சில அளவுகோல்களை மட்டும் தந்து, இதழின் தரத்தை முடிவு செய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. கேர் வருவதற்கு முன்பிருந்த பட்டியலில் இருந்து, தரமில்லை, தகவல் சரியில்லை என 2018-ல் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

அதனால், 'மூன்றே நாளில் வெளியீடு' என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால் உஷார். துறை வல்லுநர்கள் ஒழுங்காகப் படித்துக் கருத்து சொல்ல மாதக்கணக்கில் ஆகும். பணம் போனால்கூடப் பரவாயில்லை. ஒருமுறை வெளியான கட்டுரையை வேறு நல்ல இதழ் ஏற்காது. மொத்த உழைப்பும் போச்சு.

எதை எழுதுவது?

"ஜியோஜீப்ரா பயன்படுத்தினோம், மதிப்பெண் கூடியது" என்பது மட்டும் போதாது. ஆசிரியர் கல்வி இதழ்கள் கேட்பது, பயிற்சி ஆசிரியரின் சிந்தனையில் என்ன மாறியது என்பதை.

உதாரணத்துக்கு, இருபடிச் சார்பில் எக்ஸின் கெழுவை ஸ்லைடரில் நகர்த்தினால் பரவளையம் எப்படி நகரும்? 'இடம் வலமாக' என்று சட்டென்று சொல்லத் தோன்றும். உண்மையில் அதன் முனை, எதிர்ப்பக்கம் திறந்த இன்னொரு பரவளையத்தின் மீது போகும். இதைத் திரையில் பார்த்த பயிற்சி ஆசிரியர் காரணத்தைக் கண்டுபிடித்தாரா? பத்தாம் வகுப்பு மாணவரிடம் இதை எப்படிக் கேள்வியாக்குவார்? அந்த உரையாடலின் பதிவுதான் ஆய்வுத் தரவு.

பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் கலந்த அறிவு வேண்டும் என்று புன்யா மிஸ்ரா, மேத்யூ கோஹ்லர் 2006-ல் முன்வைத்த 'டிபேக்' கருத்தாக்கம் இத்துறைக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். பெயரை மட்டும் போட்டுவிட்டு, நாலு அட்டவணையோடு முடித்தால் அது ஒட்டாது.

எங்கே அனுப்பலாம்?

'ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் டீச்சர் எஜுகேஷன்' 1998 முதல் வருகிறது. அமெரிக்காவின் 'கன்டெம்பரரி இஷ்யூஸ் இன் டெக்னாலஜி அண்ட் டீச்சர் எஜுகேஷன்' இணைய இதழில் கணிதத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, படிக்கக் கட்டணமில்லை. இணைய இதழ் என்பதால் வீடியோவும் சேர்க்கலாம். ஸ்லைடர் நகர்வதை வெறும் படத்தில் எப்படிக் காட்டுவது? வகுப்பறை அனுபவமாக எழுதிப் பழக, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' உண்டு. அது ஆய்விதழ் அல்ல, கணிதக் கல்விப் பத்திரிகை.

பயிற்சி ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். 'திருத்தி அனுப்புங்கள்' என்று பதில் வந்தால் அது நிராகரிப்பு இல்லை. ஒவ்வொரு கருத்துக்கும் என்ன மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்று தனிக் கடிதமாக எழுதி, திருத்திய கட்டுரையுடன் சேர்த்து அனுப்ப வேண்டும்.