ஜான் யங் - குறை கண்டுபிடிக்கிறதே வேலை

நம்ம தொழில்ல ஒரு புது மென்பொருளை சோதிக்காம நேரா வாடிக்கையாளர்கிட்ட ஏத்தினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும் :-) 1981-ல நாசா கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சது. மெர்குரி, ஜெமினி, அப்போலோ மூணுமே முதல்ல ஆளில்லாம விண்வெளி போய் வந்தவை. கொலம்பியா ஓடம் மட்டும் முதல் பயணத்திலேயே ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு கிளம்புச்சு. கமாண்டர் ஜான் யங், பைலட் ராபர்ட் கிரிப்பன்.

யங் 1930-ல பிறந்தவர். ஜார்ஜியா டெக்கில் விமானப் பொறியியல் படிச்சிட்டு, அமெரிக்கக் கடற்படையில் சோதனை விமானி ஆனார். 1962-ல் நாசா. ரெண்டு ஜெமினி, ரெண்டு அப்போலோ பயணம். 1972-ல் நிலாவில் நடந்தார். கொலம்பியாவில் ஏறும்போது வயசு 50.

ஏப்ரல் 10 அன்னிக்கு கவுண்ட்டவுன் பாதியில நின்னு போச்சு. ஓடத்துல நாலு கணினிகள், அவை கைவிட்டா உதவ ஐந்தாவதா ஒண்ணு. ஐந்தாவதுக்கும் மத்த நாலுக்கும் நேரம் ஒத்துப்போகல. 67 தடவை கிளப்பினா ஒரு தடவை தலைகாட்டக்கூடிய பிழை! சரிசெஞ்சு 12-ஆம் தேதி பறந்தாங்க.

ராக்கெட் பத்தினப்போ எழுந்த அழுத்த அலை, ஓடத்தின் பின்பக்க மடிப்பை அதோட எல்லைக்கு மேல வளைச்சிருந்தது. உள்ளே இருந்தவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே இருக்கையோட வெளியே குதிச்சிருப்பேன்னு யங் பின்னாடி சொன்னார். துணிச்சல்காரர்தான், ஆனா கணக்குப் போடுற துணிச்சல்.

1986-ல் சேலஞ்சர் வெடிச்சு ஏழு பேர் இறந்தாங்க. அப்போ விண்வெளி வீரர்களின் தலைவர் யங். எங்கெங்கே பாதுகாப்பு ஓட்டைன்னு பட்டியல் போட்டு மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். அது பத்திரிகைக்கும் போயிடுச்சு. 1987-ல் அந்தப் பதவியிலிருந்து மாத்திட்டாங்க. காரணம் அந்தக் குறிப்புதான்னு பலரும் பேசிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை.

ஆனா குறிப்பு எழுதுறதை மட்டும் விடல. 42 வருஷம் வேலை பார்த்து 2004-ல் ஓய்வு, 2018-ல் மறைவு. நிலாவில் நடந்தவங்க பன்னிரண்டு பேர். அதுக்கப்புறம் நாற்காலிக்கு உட்கார்ந்து, பதவி போனாலும் பரவாயில்லைன்னு பிழைப் பட்டியல் எழுதினவர்னு எனக்கு யங்கைத்தான் ரொம்பப் பிடிக்கும்.