இடது கைக்கு ஒரு கிட்டார்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். "சார், பொண்ணு எலெக்ட்ரிக் கிட்டார் கேக்குறா. அவளுக்கு இடது கைப் பழக்கம். கடையில எல்லாமே வலது கைக்குச் செஞ்சதுதான் தொங்குது. இடது கைக்கு வேணும்னா சொல்லி வரவழைக்கணுமாம், விலையும் கூடுமாம். இருக்கறதையே வாங்கிப் பழக்கிடலாமா?" நான் இசை ஆசிரியன் அல்லன், வரலாறு நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்வி எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பல ஊர்களில் பல வீடுகளில் கேட்கப்பட்டு வந்த கேள்வி. அதற்கு அவரவர் கையில் இருந்த காசைப் பொறுத்துக் கண்டுபிடித்த பதில்களில் சில, உலக இசையின் ஓசையையே மாற்றியிருக்கின்றன. அந்தக் கதைகளைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கிட்டாரின் அமைப்பு. ஆறு தந்திகள். வலது கைக்காரர் மடியில் வைத்தால் தடித்த தந்தி மேலே, மெல்லிய தந்தி கீழே. இடது கை கழுத்தில் தந்தியை அழுத்தும், வலது கை மீட்டும். இடது கைக்காரர் இதே கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் மெல்லிய தந்தி மேலே வந்துவிடும். அவருக்கு நான்கு வழிகள்தான் உண்டு. ஒன்று, வலது கைக்காரரைப் போலவே பழகிக்கொள்வது. இரண்டு, திருப்பிப் பிடித்து, தந்திகள் தலைகீழாக இருந்தாலும் அப்படியே வாசிப்பது. மூன்று, திருப்பிப் பிடித்துத் தந்திகளையும் இடம் மாற்றிக் கட்டுவது. நான்கு, கண்ணாடிப் பிம்பம் போல இடது கைக்கென்றே செய்த கிட்டாரை வாங்குவது. நான்காவதற்குத்தான் கூடுதல் காசு.

ஏன் கூடுதல்? மின்கிட்டாரில் உடலின் வெட்டு, கழுத்தின் தலைப்பகுதி, தந்தி உட்காரும் பள்ளங்கள், முகப்புத் தகடு எல்லாம் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்த வடிவம். இடது கைக்குச் செய்ய ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். மனிதர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடது கைக்காரர். அவர்களிலும் ஒரு பகுதியினர் வலது கை முறையிலேயே பழகிவிடுவார்கள். மீதிச் சிலருக்காகத் தனி அச்சு செய்யும் தொழிற்சாலைக்கும், எப்போது விற்குமோ என்று சரக்கில் பணத்தை முடக்கும் கடைக்காரருக்கும் கணக்கு உதைக்கிறது. யாருடைய வஞ்சகமும் இல்லை. எண்ணிக்கை குறைந்தவர்களுக்குச் சந்தை எப்போதும் இப்படித்தான்.

மின்கிட்டாருக்கு முந்தைய ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் சேப்பல் ஹில் அருகே பிறந்தவர் எலிசபெத் காட்டன், கறுப்பினப் பெண். பள்ளி செல்லும் வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் ஒரு டாலர்கூட இல்லை, 75 சென்ட். அதைச் சேர்த்து வைத்து 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். ஐந்து மாத உழைப்பு! இடது கைக்காரியான அவர் அதைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றாமலே பழகினார். மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் தடித்த தந்திகளை இவர் விரல்களால் வாசித்தார். விரல்களால் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அவராகக் கண்ட அந்த முறைக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். குடும்பம், தேவாலயம் என்று பல ஆண்டுகள் கிட்டாரைத் தொடாமலே இருந்தார். பிறகு வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் உலகம் அவரைக் கண்டது. தொண்ணூறைத் தாண்டிய வயதில், 1985-ல், கிராமி விருது பெற்றார்.

அடுத்தது இங்கிலாந்து, லிவர்பூல். பால் மெக்கார்ட்னிக்கு 14-வது பிறந்தநாள் பரிசாகத் தந்தை ஒரு டிரம்பெட் கொடுத்தார். டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு பாட முடியாதே! பையன் அதைக் கடையில் கொடுத்து, 15 பவுண்ட் பெறுமான ஜெனித் கிட்டாராக மாற்றிக்கொண்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் கைக்கு வரவே இல்லை. என்ன கோளாறு என்று புரியாமல் இருந்தவன், ஸ்லிம் விட்மன் என்ற அமெரிக்கப் பாடகரின் படத்தைப் பார்த்தான். அவர் கிட்டாரை மறுபக்கமாகப் பிடித்திருந்தார். அப்போதுதான் 'ஓ, இப்படியும் பிடிக்கலாமா' என்று விளங்கியது. தந்திகளை மாற்றிக் கட்டினான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விட்மன் பிறவியில் இடது கைக்காரர் அல்லர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இடது கை விரல் ஒன்றை இழந்ததால் கிட்டாரை மாற்றிப் பிடித்தவர். ஒருவரின் விபத்து இன்னொருவருக்கு வழிகாட்டியாயிற்று.

1961-ல் பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தது. பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதால் அந்தப் பொறுப்பு மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. எல்லோரும் விரும்பிய அமெரிக்க ஃபெண்டர் பேஸ் அப்போது 100 பவுண்ட் அளவில் இருந்தது. அவரிடம் இருந்ததோ 30 பவுண்ட் சொச்சம். ஜெர்மானிய ஹோஃப்னர் நிறுவனம் வயலின் வடிவத்தில் செய்த 500/1 என்ற பேஸ் அந்த விலையில் கிடைத்தது. இடது கைக்கென்றே செய்ததை வாங்கினார். விலை தவிர அவர் சொன்ன இன்னொரு காரணம், அது இருபக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடது கையில் பிடித்தாலும் அசட்டுத்தனமாகத் தெரியாது என்பது. விலையும் கூச்சமும் சேர்ந்து எடுத்த முடிவு. அந்த வயலின் வடிவப் பேஸ்தான் பிறகு பீட்டில்ஸின் அடையாளமாயிற்று. 1961-ல் வாங்கியது 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோய், தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது.

இனி அமெரிக்காவின் சியாட்டில். ஆசிரியர்கள் எல்லோரும் அறிய வேண்டிய கதை இது. 1950களின் நடுவில் ஹொரேஸ் மான் தொடக்கப் பள்ளியில் ஒரு சிறுவன் எப்போதும் துடைப்பத்தைக் கிட்டாராகப் பிடித்துக்கொண்டு திரிந்தான். ஓராண்டுக்கும் மேலாக இதைக் கவனித்த பள்ளியின் சமூகப் பணியாளர், ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து இவனுக்கு ஒரு கிட்டார் வாங்கித் தாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் மனம் பாதிக்கப்படும் என்று கடிதம் எழுதினார். பணம் கிடைக்கவில்லை. தந்தையும் வாங்கித் தரவில்லை. 1957-ல் ஒரு வீட்டுக் குப்பையை அகற்றும்போது ஒற்றைத் தந்தியோடு ஒரு யுகுலேலே கிடைத்தது. அதில் பழகினான். 1958-ல் 5 டாலருக்குப் பழைய கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. 1959-ல் தந்தை ஒரு சுப்ரோ மின்கிட்டார் வாங்கித் தந்தார். அந்தச் சிறுவன்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

இடது கை என்றாலே சாத்தானின் வேலை என்று தந்தை நினைத்தார், அவர் இருக்கும்போது அண்ணன் வலது கையால் வாசிப்பார் என்று தம்பி லியோன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நமக்கு இது புதிதா? "பீச்சாங்கையால எழுதாதே" என்று அடிவாங்கிய பிள்ளைகளை என் தலைமுறை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

புகழ் வந்த பிறகும் ஹெண்ட்ரிக்ஸ் பெரும்பாலும் வலது கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத்தான் திருப்பி, தந்தி மாற்றிக் கட்டி வாசித்தார். இதனால் ஓசையில் என்ன நடந்தது? அந்தக் கிட்டாரில் பாலத்துக்கு அருகே உள்ள 'பிக்-அப்' சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய தந்திகளின் அதிர்வைப் பாலத்துக்கு ஒட்டியும், தடித்த தந்திகளின் அதிர்வைச் சற்றுத் தள்ளியும் வாங்கும். பாலத்தை ஒட்டினால் ஓசை கூர்மை, தள்ளினால் மென்மை. கிட்டாரைத் திருப்பியதும் சாய்வும் திரும்பிவிட்டது. தடித்த தந்திகளுக்கு இறுக்கமும் மெல்லிய தந்திகளுக்குக் கொஞ்சம் மென்மையும் வந்தன. தந்தி முறுக்கும் குமிழ்களும், வீணையில் பிரடை என்போமே அவைதான், வரிசை மாறியதால் தந்திகளின் மொத்த நீளம் மாறி, இழுத்து வளைக்கும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வும் மாறியது.

மிசிசிப்பியில் பிறந்த புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் தந்திகளை மாற்றக்கூட இல்லை. மற்றவர்கள் மெல்லிய தந்தியை மேல்நோக்கித் தள்ளி வளைக்கும் இடத்தில், அவர் கீழ்நோக்கி இழுத்தார். இழுப்பில் வலு அதிகம். அந்தக் கமகத்தைப் பிடிக்க எரிக் கிளாப்டன் போன்ற வலது கைக் கலைஞர்கள் பாடுபட்டார்கள். அவர் கையில் இருந்ததும் 'ஃப்ளையிங் வி' என்ற, இருபுறமும் ஒத்த வடிவமுள்ள கிட்டார்தான்.

பர்மிங்காம் நகரின் டோனி அயோமி கதை வேறு வகை. தகடு வெட்டும் தொழிற்சாலையில் 17 வயதில், வேலையின் கடைசி நாளில், இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரருக்குத் தந்தியை அழுத்தும் கை அது. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மீண்டும் வாசித்தார். அவரிடம் வலது கை கிப்சன் எஸ்.ஜி. ஒன்று இருந்தது, திருப்பிப் பிடித்து வாசித்து வந்தார். இன்னொருவரோ வலது கைக்காரர், இடது கை எஸ்.ஜி.யைத் தலைகீழாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்து மாற்றிக்கொண்டார்கள். காசு செலவில்லை! பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டுப் பதிவின்போது அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்-அப் பழுதாகிவிட, உபரியாக வைத்திருந்த இந்த மாற்றுக் கிட்டாரைத்தான் எடுத்தார். 1970 பிப்ரவரியில் வெளியான அந்தத் தட்டிலிருந்துதான் ஹெவி மெட்டலின் தொடக்கத்தைப் பலரும் கணக்கிடுகிறார்கள்.

நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் நல்ல இடது கை கிட்டார் நியாய விலையில் கிடைப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். யாரும் சீந்தாத மலிவு ஜப்பானியக் கிட்டார்களைத் திருப்பி வாசித்தார். ஃபெண்டர் மாணவர்களுக்காகக் குறைந்த விலையில் கொண்டுவந்த மஸ்டாங் வகையில் இடது கைக்கான 1969 கிட்டார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. 2022-ல் அது 45 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இன்னொரு விசித்திரம். 1997-ல் ஃபெண்டர் ஹெண்ட்ரிக்ஸ் நினைவாக ஒரு கிட்டாரை வெளியிட்டது. இடது கைக் கிட்டாரில் வலது கைக்காரருக்குத் தந்தி கட்டியது. பிறகு தலையும் பிக்-அப்பும் மட்டும் திருப்பப்பட்ட வலது கைக் கிட்டார்களும் வந்தன. வேறு வழியில்லாமல் ஒருவர் திருப்பியதை, வலது கைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மார்க் நாஃப்ளர், கேரி மூர் இருவரும் இடது கைக்காரர்கள். வலது கை முறையிலேயே வாசித்து உச்சத்துக்குப் போனார்கள். கிட்டாரில் இரண்டு கைக்கும் கடினமான வேலை இருக்கிறது. ஆகவே 'இடது கை என்றால் இடது கை கிட்டார்தான்' என்று சட்டம் போட முடியாது.

அப்படியானால் குறைந்த காசில் வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளையிடம் ஒரு துடைப்பத்தையோ மட்டையையோ கொடுத்து, கிட்டார் வாசிப்பதுபோல் நடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தானாகப் பிடிக்கிறது என்று பாருங்கள். வலது பக்கமாகப் பிடித்தால் கவலையே இல்லை, கடையில் தொங்குவதை வாங்கலாம். இடது பக்கமாகப் பிடித்தால் அந்தக் கையை மதியுங்கள்.

ஸ்குவையர், யமஹா, ஐபனீஸ் போன்ற நிறுவனங்களின் தொடக்கநிலைக் கிட்டார்களில் இடது கைக்கான சில மாதிரிகள் உண்டு. நிறம் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்காது. கணினி இயந்திரத்தில் மரம் வெட்டும் இக்காலத்தில், முன்பு போல் எட்டாக் கனியும் அல்ல. கைமாறிய கிட்டார் கிடைத்தால் இன்னும் நல்லது. இடது கை கிட்டாரை வாங்க ஆள் குறைவு என்பதால் விற்பவரிடம் பேரம் பேசலாம்.

அதுவும் முடியாவிட்டால் வலது கை மின்கிட்டாரைத் திருப்பலாம். இருபுறமும் கொம்பு வெட்டப்பட்ட உடல், ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாகச் சரிசெய்யக்கூடிய பாலம், இவை இருப்பதாகப் பாருங்கள். கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் 'நட்' என்ற சிறு துண்டை மாற்ற வேண்டும், தோள்வார் மாட்டும் குமிழை இடம் மாற்ற வேண்டும். ஒலிக் குமிழ்கள் மேல்பக்கம் வந்து முழங்கையில் இடிக்கும். கழுத்தின் ஓரத்தில் உள்ள அடையாளப் புள்ளிகள் தரையைப் பார்க்கும். மேல் ஓரத்தில் நாமே சிறு புள்ளிகள் ஒட்டிக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாத சாதாரணக் கிட்டாரில் இந்த வேலை அவ்வளவு எளிதல்ல. அதன் பாலம் சாய்ந்திருக்கும், உள்ளே மரச்சட்டங்களும் பெரும்பாலும் ஒரு பக்கக் கணக்கில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மேலே நான் எழுதியவர்கள் எல்லாம் திருப்பிப் பிடித்து வென்றவர்கள், அதனால்தான் பெயர் நிற்கிறது. கைக்கு ஒவ்வாத கிட்டாரோடு ஆறு மாதம் போராடி, 'எனக்கு இசை வராது' என்று மூலையில் சாத்திவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கூடுதல் விலையைக் கணக்குப் போடும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இடது கைப் பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். எங்கே கிடைத்தது, என்ன விலை ஆயிற்று என்று சொன்னால் பலருக்கும் உதவும்.