அடுப்போடு கடலுக்குப் போன கப்பல்

வருஷம் 1823 என்று வைத்துக்கொள்வோம். இன்னும் நாடாகவே யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு சின்ன நாடு. கஜானா காலி. எதிரில் இருப்பதோ ஒட்டோமான் பேரரசின் கடற்படை. ஒரு கப்பலுக்கே எழுபது எண்பது பீரங்கி. உங்கள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "எங்களுக்கு ஒரு போர்க்கப்பல் வரைந்து கொடுங்கள்" என்கிறார்கள். என்ன வரைவீர்கள்?

பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் போர்க்கப்பல் வரைந்தவர்களுக்குப் பதில் தெரியும். எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு பீரங்கி. நானும் அப்படித்தான் வரைவேன். எதிரியின் கப்பலைப் பார்த்து அதையே கொஞ்சம் சின்னதாக வரைவது. சின்ன நாடுகள் பலவும் காசைக் கரைத்தது இந்த வழியில்தான்.

ஃபிராங்க் ஆப்னி ஹேஸ்டிங்ஸ் வேறு மாதிரி யோசித்தார். ஆங்கிலேயர். பதினொரு வயதில் டிரஃபால்கர் போரில் 'நெப்டியூன்' கப்பலில் இருந்த பையன். 1819இல் ஜமைக்காவின் போர்ட் ராயலில் தன் கப்பலை நங்கூரம் போட்ட விதத்துக்காக, மூத்த அதிகாரி ஒருவரிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். பொறுக்கமுடியாமல் அந்த அதிகாரியைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்துக் கடிதம் அனுப்பினார். வேலை போயிற்று. 1822இல் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார். சுல்தானுக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

கிரேக்கக் 'கடற்படை' என்று அவர் கண்டது ஹைட்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா தீவுகளின் வணிகக் கப்பல்கள். இரண்டு பாய்மரம், சில சின்னப் பீரங்கிகள். கப்பலுக்குச் சொந்தக்காரர் ஒருவர்; மாலுமிகளுக்குச் சம்பளம் முன்கூட்டியே வேண்டும்; வரவில்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். தப்பு என்று சொல்லமுடியுமா? வீட்டில் அடுப்பெரியவேண்டுமே.

இவர்களிடம் ஒரே ஒரு பயங்கர ஆயுதம் இருந்தது. தீப்படகு. பழைய படகொன்றில் தாரும் கந்தகமும் வெடிமருந்தும் அடைத்து, இருட்டில் எதிரிக் கப்பலோடு கோத்துவிட்டு, பற்றவைத்துவிட்டுத் தப்பி ஓடுவது. 1822 ஜூனில் கியோஸ் அருகே கனாரிஸ் இப்படித்தான் ஒட்டோமான் தளபதியின் கப்பலையே எரித்தார். மரமும் தாரும் கயிறும் துணியும் வெடிமருந்தும் சேர்ந்ததுதான் அன்றைய போர்க்கப்பல். பீரங்கிக் குண்டு துளைத்தால் தச்சன் அடைத்துவிடுவான். தீ பிடித்தால் கதை முடிந்தது. ஆனால் தீப்படகுக்குக் காற்று வேண்டும், இருட்டு வேண்டும், உயிரைத் துச்சமாக நினைக்கும் ஆள் வேண்டும். எதிரி விழித்துக்கொண்டால் படகும் போச்சு.

ஹேஸ்டிங்ஸ் கேட்ட கேள்வி இதிலிருந்து பிறந்தது என்று நினைக்கிறேன். படகை அனுப்பாமல் தீயை மட்டும் அனுப்பமுடியுமா?

1823இல் அவர் பைரனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஆமாம், கவிஞர் பைரன்தான். கிரேக்கத்துக்காகப் பணமும் பெயரும் கொண்டு வந்திருந்தார். கடலில் கை ஓங்காமல் இந்தப் போரை வெல்லமுடியாது, கப்பல் எண்ணிக்கையில் துருக்கியரோடு போட்டி போடவும் முடியாது, ஆகவே நீராவிக் கப்பல் ஒன்று வாங்குங்கள் என்பது சாரம். நீராவி புதுசு, ஆனால் கேள்விப்படாததல்ல. அடுத்த வருஷமே கல்கத்தாவின் கிதிர்பூரில் கட்டிய 'டயானா' என்ற நீராவிப் படகு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இராவதி ஆற்றில் பர்மியரோடு சண்டைக்குப் போனது. மதராஸ் படைச் சிப்பாய்களும் போன போர் அது. ஆனால் டயானா போருக்கென்று கட்டிய படகு அல்ல. ஹேஸ்டிங்ஸ் கேட்டது அடிமட்டத்திலிருந்தே போருக்காக யோசித்த ஒன்றை.

அந்த யோசனையின் அழகு இங்கேதான். நீராவி எஞ்சின் இருந்தால் அதற்கு ஓர் அடுப்பு இருந்தே ஆகவேண்டும். அடுப்பு இருந்தால் அதிலேயே இரும்புக் குண்டைப் பழுக்கக் காய்ச்சலாம். கோட்டைகள் வெகுகாலமாகச் செய்துவந்த வேலைதான். 1782இல் ஜிப்ரால்டரில் ஸ்பானியரின் மிதக்கும் பீரங்கி மேடைகள் எரிந்தது இந்தக் குண்டுகளால். மரக்கப்பலில் இதைச் செய்ய எல்லாருக்கும் பயம். வெடிமருந்தை அடைத்து, அதன்மேல் நனைந்த தக்கையை வைத்து, அதற்கும் மேல் செக்கச்செவேலென்ற குண்டை இறக்கி, உடனே சுடவேண்டும். கை நடுங்கினால் எரிவது நம் கப்பல்.

பீரங்கி? நூறு வேண்டாம், விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் போதும். ஆனால் ஒவ்வொன்றும் 68 பவுண்டு குண்டு எறியவேண்டும், அதாவது சுமார் 31 கிலோ. பெரிய போர்க்கப்பல்களின் கீழ்த்தட்டுப் பீரங்கியே பொதுவாக 32 பவுண்டுதான். கூடவே, உள்ளே மருந்து அடைத்த வெடிகுண்டுகள்.

பலவீனமும் அவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் துடுப்புச் சக்கரத்தில் ஒரு குண்டு பட்டால் கப்பல் நொண்டி. ஆகவே எதிரியின் பக்கவாட்டுக்குப் போகவே கூடாது. பாய்மரக் கப்பலின் பீரங்கி எல்லாம் பக்கவாட்டில்தான். மூக்கிலும் வாலிலும் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். காற்று விழுந்த நாளில் அதனால் திரும்பவும் முடியாது. கிரேக்கத்தின் குறுகிய வளைகுடாக்களில் காற்று அடிக்கடி விழும். நீராவிக் கப்பல் தனக்குப் பிடித்த மூலையில் போய் நின்றுகொண்டு நிதானமாகச் சுடலாம்.

நல்லது, காகிதத்தில் கப்பல் தயார். இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

கிரேக்கர்கள் லண்டனில் கடன் வாங்கினார்கள். 1825இன் இரண்டாவது கடன் பத்திரத்தில் 20 லட்சம் பவுண்டு. கழிவெல்லாம் போகக் கைக்கு வந்தது அதில் பாதிக்கும் குறைவு. அதிலும் ஒரு பெரிய பங்கு நியூயார்க்கில் இரண்டு பெரிய ஃபிரிகேட்டுகள் கட்டப்போனது. செலவு எகிறி, ஒன்றை அமெரிக்க அரசுக்கு விற்று அந்தக் காசில்தான் மற்றொன்றை முடிக்கவேண்டியிருந்தது. பள்ளிக்கூட நோட்டுக் கப்பலின் விலை இது.

ஹேஸ்டிங்ஸின் கப்பல் தேம்ஸ் கரையில் டேனியல் பிரெண்டின் பட்டறையில் உருவானது. நீளம் 125 அடி, அகலம் 25 அடி. எஞ்சின் அலெக்சாண்டர் காலோவே பொறுப்பு. மரவேலை முடிந்தது, எஞ்சின் வரவில்லை. இன்று நாளை என்று மாதங்கள் போயின. காலோவே குடும்பத்துக்கு எகிப்தின் முகமது அலியோடும் தொழில் உறவு இருந்தது. அந்த முகமது அலியின் மகன் இப்ராகிம் பாஷாவோ 1825இலேயே கிரேக்கத்தில் படையிறக்கி ஊர் ஊராக எரித்துக்கொண்டிருந்தார். தாமதம் சதியா, திறமைக்குறைவா என்று அப்போதே பேச்சு எழுந்தது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. வந்த எஞ்சினின் லட்சணம் அப்படி.

கப்பல் தேம்ஸை விட்டுக் கிளம்பியது 1826 மே கடைசியில். மாதக்கணக்கில் முற்றுகையில் பட்டினி கிடந்த மிசோலோங்கி அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரலில், விழுந்துவிட்டது. பைரன் இறந்த ஊர் அது. தப்பி ஓட முயன்றவர்களில் பெரும்பாலோர் வெட்டப்பட்டார்கள், அல்லது அடிமையாக விற்கப்பட்டார்கள். கடல்வழியாக உணவு போயிருந்தால் அந்த ஊர் தாங்கியிருக்கும். ஒரு நீராவிக் கப்பல் அதைச் செய்திருக்குமா? யோசிக்காமல் இருக்கமுடியவில்லை.

வழியிலும் கொதிகலன் மக்கர் பண்ணியது. அன்றைய கொதிகலனில் ஊற்றியது கடல்நீர். வீட்டில் உப்புத்தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேதான், இங்கே அது கொதிகலனையே தின்னும். நிலக்கரியும் இங்கிலாந்திலிருந்து வந்தாகவேண்டும். அதனால்தான் நாலு பாய்மரமும் வைத்திருந்தார். பயணத்துக்குப் பாய், சண்டைக்கு நீராவி. செப்டம்பரில் நாஃப்ளியோ வந்து சேர்ந்தது. பெயர் 'கார்ட்டேரியா'. விடாப்பிடி என்று தமிழில் சொல்லலாம். வேறு பெயர் பொருந்தியிருக்காது.

அந்தப் பெயரை அது காப்பாற்றியது 1827 செப்டம்பர் கடைசியில், கொரிந்த் வளைகுடாவின் இதேயாவில். ஒன்பது ஒட்டோமான் கப்பல்கள் கரையோரம் நங்கூரமிட்டிருந்தன. கரையில் பீரங்கிகளும் இருந்தன. கார்ட்டேரியா ஒரு பிரிக் கப்பலோடும் இரண்டு சின்னப் பீரங்கிப் படகுகளோடும் உள்ளே நுழைந்தது. வலையில் தானாக வந்து விழுகிறது என்றே எதிரிகள் நினைத்தார்கள். ஹேஸ்டிங்ஸ் நங்கூரம் போட்டார், நிதானமாகத் தூரத்தை அளந்து சுட்டுப்பார்த்தார், பிறகு காய்ச்சிய குண்டுகளை ஏற்றினார். தளபதியின் கப்பல் மருந்தறை வெடித்துச் சிதறியது. மற்றவை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. எல்லாம் அரை மணி நேரக் கதை.

சேதி கேட்ட இப்ராகிம் பழிதீர்க்க நவாரினோவிலிருந்து கப்பல்களோடு கிளம்பினார். பிரிட்டிஷ் தளபதி காட்ரிங்டன் குறுக்கே நின்றார். அந்த உரசல் முற்றி, அக்டோபர் 20 அன்று நவாரினோ போரில் இப்ராகிமின் கடற்படை அழிந்தது. கிரேக்கத்தின் விடுதலையை உறுதிசெய்த அந்தப் போரில் கார்ட்டேரியா இல்லை. வென்றது முழுக்கப் பாய்மரக் கப்பல்கள்.

அந்த ஒரு வருஷத்தில் மட்டும் தன் கப்பலிலிருந்து 18,000 வெடிகுண்டு சுட்டதாக ஹேஸ்டிங்ஸ் கணக்குச் சொன்னார். எப்படிச் சுடுவது என்று ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார். 1828இல் லண்டனில் வந்தது. பெரிய கடற்படைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்ய வெடிகுண்டுகள் ஒட்டோமான் கப்பல்களைக் கொளுத்தியபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

கார்ட்டேரியாவின் சம்பளப் பாக்கியைச் சமாளிக்க அவர் சொந்தக் காசையும் போட்டுக்கொண்டிருந்தார். 1828 மே 25 அன்று, மிசோலோங்கி காயலில் இருக்கும் ஐதோலிகோ என்ற சின்னத் தீவூரைத் தாக்கப் போனார்கள். அங்கே தண்ணீர் முழங்கால் அளவு. நீராவிக் கப்பல் போகாது. துடுப்புப் படகில் போனார். கையில் குண்டு பட்டது. பெரிய காயமாகத் தெரியவில்லை. பிறகு டெட்டனஸ் கண்டது. ஜூன் 1 அன்று சாந்தேயில் இறந்தபோது அவருக்கு வயது 34. உடலை போரோஸ் தீவில் புதைத்தார்கள். இதயம் மட்டும் ஏதென்ஸில், ஆங்கிலேய தேவாலயத்தின் சுவருக்குள் இருக்கிறது.