சென்னை அணியின் 1954–55 ரஞ்சிக் கோப்பைப் பருவம்

இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டின் தலையாய போட்டியான ரஞ்சிக் கோப்பையைச் சென்னை மாநில அணி முதன்முறையாக வென்ற பருவம் 1954–55. பாலு அழகனன் தலைமையில் ஆடிய அணி, இந்தூரில் நடந்த இறுதியாட்டத்தில் ஹோல்கர் அணியை 46 ரன் வித்தியாசத்தில் வென்றது. அரண்மனைச் செல்வத்தில் வளர்ந்த அணி ஒன்றை, நகரத்து மன்றங்களிலும் லீக் ஆட்டங்களிலும் வளர்ந்த அணி வீழ்த்தியது என்பதே இந்த வெற்றியின் சிறப்பு. தமிழகக் கிரிக்கெட் வரலாற்றில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் இதன் தகுதிக்குக் குறைவானது.

பின்புலம்

1846இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமேயானது. இந்தியருக்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. அதற்கு எதிர்வினையாகவே புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைட்டெட் கிளப்பை உருவாக்கினார். ஐரோப்பியரும் இந்தியரும் சமமாக மோதும் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று முயன்ற அவர், அதைக் காணாமலே 1908இல் மறைந்தார். அவர் விரும்பிய ஆட்டம் பின்னாளில் பொங்கலையொட்டி நடக்கும் மாகாண ஆட்டமாக நிலைபெற்றது. 1915–16இலிருந்து முதல்தர ஆட்டமாகக் கணக்கிடப்பட்டு, 1952 வரை இடையிடையே விட்டுவிட்டு நடந்தது. சென்னையில் கிரிக்கெட்டுக்கெனக் கூட்டம் சேர்ந்ததும், மன்றங்கள் பெருகியதும், கல்லூரி மாணவர்கள் மட்டையைக் கையிலெடுத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4 அன்று சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48, 59 ரன்களில் சுருண்டது. சென்னை எடுத்ததோ 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, சென்னை ஓர் இன்னிங்ஸும் 23 ரன்களும் வித்தியாசத்தில் வென்றது. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் வீழ்த்தினார். அமிர்தசரஸைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் சீக்கியரின் வீடே சென்னைக் கிரிக்கெட்டின் பாசறையாயிற்று. இருபது ஆண்டு கழித்துக் கோப்பையைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருடைய மகனுக்கு உண்டு.

அந்த இருபது ஆண்டில் சென்னை இருமுறை இறுதியாட்டத்தை எட்டித் தோற்றது. 1935–36இல் பம்பாயிடமும், 1940–41இல் சொந்த ஊரிலேயே மகாராஷ்டிரத்திடமும் கோப்பையைப் பறிகொடுத்தது.

மாறிக்கொண்டிருந்த வரைபடம்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானது. சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டை ஓய்ந்து, எல்லைக்கோடு பழவேற்காடு ஏரியின் மேலேயே விழுந்தது. கிரிக்கெட்டும் இந்தப் பிரிவினைக்குத் தப்பவில்லை. அதுவரை சென்னை அணியின் எல்லைக்குள் இருந்த மாவட்டங்கள் ஆந்திரம் என்ற புதிய ரஞ்சி அணியின் கீழ் வந்தன. ஆக, கோப்பையை வென்றது பரப்பில் சுருங்கிய சென்னை.

தென்மண்டலத்தில் அப்போது மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர்–கொச்சி ஆகிய அணிகளும் இருந்தன. தோற்றால் வெளியேற வேண்டிய முறை அது. மண்டல லீக் முறை 1957–58இல்தான் வந்தது. ஆகவே ஒரு பருவம் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே. அதே 1954இல் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அணிகள் ஒவ்வொன்றும் 154 ஆட்டங்கள் ஆடின. நீண்ட பருவத்தில் ஒரு மோசமான நாளை மறுநாள் சரிசெய்துவிடலாம். ரஞ்சியில் ஆடியவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. சம்பளமும் இல்லை, கல்லூரியிலோ அலுவலகத்திலோ விடுப்பு வாங்கிக்கொண்டு, ரயிலேறிப் போய் ஆடிவிட்டு வந்தார்கள்.

கிருபால் சிங்கின் பருவம்

ராம்சிங்கின் மகன் ஏ. ஜி. கிருபால் சிங்குக்கு அப்போது வயது 21. வலக்கை மட்டையாளர், சுழற்பந்தும் வீசுவார். திருவிதாங்கூர்–கொச்சிக்கு எதிராக அவர் எடுத்த 208, அவருடைய வாழ்நாள் உச்ச எண்ணிக்கையாக நிலைத்தது. வங்காளத்துக்கு எதிரான அரையிறுதியில் 98, 97 என இரு இன்னிங்ஸிலும் சதத்தின் வாசல்வரை போய்த் திரும்பினார். அவை சதங்களாகியிருந்தால் இந்த ஆட்டம் இன்னும் அதிகமாகப் பேசப்பட்டிருக்கும்; அணிக்குக் கிடைத்த 195 ரன்னில் அதனால் ஒரு குறையும் இல்லை. இறுதியாட்டத்தில் 75, 91 எடுத்ததோடு பந்துவீச்சிலும் விக்கெட்டுகளைச் சாய்த்தார். பருவம் முழுவதிலும் சேர்த்து 636 ரன். ஒரே தோல்வியில் பருவமே முடிந்துவிடும் போட்டியில், கடைசி இரண்டு ஆட்டங்களின் நான்கு இன்னிங்ஸிலும் 75க்குக் குறையாமல் எடுத்தது மிக அரிய செயல்.

ஹோல்கர்

எதிரே நின்ற அணியின் பெருமையை அறியாமல் இந்த வெற்றியை அளக்க முடியாது. இந்தூர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கரின் ஆதரவில் உருவான அணி அது. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டனான சி. கே. நாயுடுவுக்குத் தன் படையில் பதவி கொடுத்து இந்தூரிலேயே வைத்துக்கொண்டது அந்த அரச குடும்பம். முஷ்டாக் அலி அந்த மண்ணின் மைந்தர். போர்க்காலப் பணிக்காக இந்தியா வந்திருந்த ஆங்கிலேய வீரர் டெனிஸ் காம்ப்டன்கூட 1944–45 இறுதியாட்டத்தில் ஹோல்கருக்கு ஆடி, ஆட்டமிழக்காமல் 249 ரன் எடுத்தார். அன்று பம்பாயிடம் தோற்றாலும், 1944–45 முதல் 1954–55 வரையிலான 11 பருவங்களில் 10 முறை ஹோல்கர் இறுதிக்கு வந்தது; நான்கு முறை கோப்பையை வென்றது. ஊதியம் என்ற பெயரில் இல்லாவிட்டாலும், வீரர்களுக்கு வாழ்வாதாரம் கொடுத்துக் காத்த அந்த ஏற்பாடு அன்றைய இந்தியாவில் தொழில்முறை அணிக்கு மிக நெருங்கியது.

இறுதியாட்டம்

முதலில் ஆடிய சென்னை 478 ரன் குவித்தது. சி. டி. கோபிநாத் 133 எடுத்தார். 1952இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அணியில் இருந்தவர் அவர். சொந்த ஊரில் ஆடிய ஹோல்கர் சளைக்காமல் 417 எடுத்தது. வித்தியாசம் 61தான். ஆட்டம் முடிவின்றிப் போனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலையே கோப்பையைத் தீர்மானிக்கும் என்பதால், அந்த 61 ரன்னின் மதிப்பு அதிகம். இரண்டாம் இன்னிங்ஸில் சென்னை 311 சேர்க்க, ஹோல்கருக்கு இலக்கு 373 ஆனது. 326 வரை வந்து வீழ்ந்தது. நான்கு இன்னிங்ஸிலும் சேர்ந்து 1,532 ரன்! இவ்வளவு ரன் குவிந்த ஆட்டத்தில் 46 என்பது மயிரிழைதான்.

கேப்டன் அழகனன் பெரிய ரன் கணக்குகளுக்குச் சொந்தக்காரர் அல்லர். பிற்காலத்தில் வானொலி வர்ணனையாளராகவே பலர் அவரை அறிந்திருந்தனர். கோப்பையை முதலில் ஏந்திய சென்னைத் தலைவர் என்ற பெருமை அவருக்கே உரியது.

பின்விளைவுகள்

ஹோல்கர் என்ற பெயரில் அணி ஆடிய கடைசிப் பருவமும் இதுவே. அடுத்த ஆண்டு அது மத்திய பாரத் ஆனது, பிறகு மத்தியப் பிரதேசத்துக்குள் அடங்கியது. திருவிதாங்கூர்–கொச்சி கேரளமாயிற்று. கிருபால் சிங் 1955 நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார்.

சென்னைக்கு அடுத்த கோப்பை எளிதில் கிடைக்கவில்லை. 1967–68இலும் 1972–73இலும் இறுதியில் பம்பாய் மறித்தது. பின்னதில், சேப்பாக்கத்தின் சுழலும் ஆடுகளத்தில், தமிழ்நாடு எனப் பெயர் மாறியிருந்த அணி 80, 61 ரன்களுக்குச் சுருண்டது. வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் சுழற்பந்து வீசிய காலத்திலேயே கோப்பை கைநழுவியது பெரிய இழப்பு. 1987–88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் ரயில்வே அணியை ஓர் இன்னிங்ஸும் 144 ரன்களும் வித்தியாசத்தில் சேப்பாக்கத்தில் வென்றபோதுதான் இரண்டாம் கோப்பை வந்தது. கிருபால் சிங் அதற்குச் சில மாதங்கள் முன், 1987 ஜூலையில் காலமாகியிருந்தார். அதன்பின் 2011–12இல் ராஜஸ்தானிடமும் 2014–15இல் கர்நாடகத்திடமும் தமிழ்நாடு இறுதியாட்டத்தில் தோற்றது. ஹோல்கரின் வழிவந்த மத்தியப் பிரதேசம் 2022இல் மும்பையை வென்று, அந்தப் பெயரில் தன் முதல் ரஞ்சிக் கோப்பையைப் பெற்றது.