வரலாற்றுப் படங்களில் மரபுமீறிய திரைக்கதை

வரலாற்றுப் படம் என்றால் பிறப்பில் தொடங்கி மரணத்திலோ முடிசூட்டலிலோ நிறைவடைய வேண்டும் என்ற வழக்கம் மௌனப்பட காலத்திலேயே உடைந்தது. 1916இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘இன்டாலரன்ஸ்’, பாபிலோனின் வீழ்ச்சி, கிறிஸ்துவின் பாடுகள், 1572ஆம் ஆண்டின் பாரிஸ் படுகொலை, சமகால அமெரிக்கா ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிக் காட்டியது. இறுதிக்கட்டத்தில் வெட்டுகள் வேகமெடுத்து, நான்கு காலங்களும் ஒரே ஓட்டமாகின்றன. வசூலில் தோற்ற இப்படத்திடமிருந்து சோவியத் இயக்குநர்கள் படத்தொகுப்பைக் கற்றனர்.

ஒரு நிகழ்வைப் பலர் வாய்வழி முரண்பட்ட கூற்றுகளாகச் சொல்லும் முறையை அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) உலகறியச் செய்தது. தமிழில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), 1943இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களைப் பின்னணியாக்கி, ஒரு ரேடியோ பொறியாளரின் கொலையைச் சந்தேகத்துக்குரியவர்களின் கூற்றுகள் வழியே துலக்கியது. அதில் ஒரு பாடல்கூட இல்லை. சிவாஜி கணேசன் ஏற்றதோ தேசத்துரோகி வேடம். அக்காலத் தமிழ்ச் சினிமாவில் இது பெருந்துணிச்சல்.

இந்த வரிசையில் மிகத் தொலைவு சென்றவர் பீட்டர் வாட்கின்ஸ். பி.பி.சி.க்காக 1964இல் அவர் எடுத்த ‘கலோடன்’, 1746இல் ஸ்காட்லாந்தில் நடந்த போரைத் தொலைக்காட்சிச் செய்திபோலப் படமாக்கியது. நிருபர் களத்தில் நின்று கேள்வி கேட்கிறார். சிப்பாய்கள் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அப்போரை நடத்திய இளவரசரின் வீரகாவியமாகப் பாடப்பட்ட போர், குலத்தலைவரின் நிலத்தை உழுததால் வாளேந்த நேர்ந்த குடியானவரின் துயரமாகிறது. ‘லா கம்யூன்’ (2000) படத்தில் 1871ஆம் ஆண்டுப் பாரிஸ் எழுச்சியை இரண்டு தொலைக்காட்சிகள் எதிரெதிராக ஒளிபரப்புகின்றன. நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். தம் பாத்திரங்களைத் தாமே ஆராய்ந்தவர்கள். இடையிடையே வேடம் கலைந்து, இன்றைய பிரான்சில் தம் நிலை என்ன என்று விவாதிக்கிறார்கள். ஏறத்தாழ 6 மணி நேரப் படம். அந்த நீளம் அதற்குத் தேவையே.

அலெக்சாண்டர் சோகுரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ (2002) வெட்டே இல்லாத ஒற்றை ஷாட்டில் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் முந்நூறு ஆண்டுகளைக் கடந்தது. கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ (2017) தரையில் 1 வாரம், கடலில் 1 நாள், வானில் 1 மணி நேரம் என மூன்று காலங்களைப் பின்னியது. பின்னல் அபாரமானது, ஆனால் பார்வை பழையதே. போரின்போது டன்கிர்க் கடற்கரையில் இருந்த இந்தியக் கோவேறு கழுதைப் படைப்பிரிவினருக்கு அதில் இடமில்லை.