முகமூடி இல்லாதவர்கள்: விஷவாயுப் போர் குடிமக்களை நோக்கித் திரும்பிய வரலாறு

1938 செப்டம்பரில், மியூனிக் நெருக்கடியின்போது, பிரிட்டன் அரசு வீடு வீடாக விஷவாயு முகமூடி வழங்கியது. சுமார் 3 கோடியே 80 லட்சம் முகமூடிகள். பின்னர் கைக்குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு கவசமும் வந்தது. குழந்தையின் தலையையும் உடம்பையும் உள்ளே அடக்கும் கூடு அது. பக்கத்தில் ஒரு துருத்தி. தாய் அந்தத் துருத்தியைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வடிகட்டிய காற்று உள்ளே போகும். அதை நிஜமான வாயுத் தாக்குதலில் அழுத்தும் நிலை எந்தப் பிரிட்டிஷ் தாய்க்கும் வரவில்லை. போர் முடியும்வரை பிரிட்டன் மீது யாரும் விஷவாயு வீசவில்லை.

மியூனிக் நெருக்கடிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியர் மீது வீசியிருந்தார்கள். அந்த நெருக்கடிக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் குர்துகள் மீது வீசினார்கள். அந்த இரண்டு இடங்களிலும் மக்களிடம் முகமூடி கிடையாது. இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். தற்காப்பு உள்ள படைக்கு எதிரே விஷவாயு பெரிதாகப் பலன் தராது என்பதை முதல் உலகப்போரிலேயே ராணுவங்கள் கண்டுகொண்டன. அதன்பின் அந்த ஆயுதம் முகமூடி இல்லாதவர்களைத் தேடிப் போயிற்று. சட்டமும் நெடுங்காலம் அவர்களை எட்டாமலே நின்றது.

தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1915 ஏப்ரல் 22 அன்று மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, ஜெர்மன் படை 5,700-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்து 150 டன்னுக்கு அதிகமான குளோரினைக் காற்றில் விட்டது. திட்டத்தை முன்னின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர். மூச்சுத்திணற வைக்கும் வாயுக்களைப் பரப்பும் குண்டுகளை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்திருந்தது. சிலிண்டரைத் திறந்துவிடுவது குண்டு வீசுவதாகாது என்று ஜெர்மனி சாக்குச் சொன்னது. வாயு வந்த திசையில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் படையினர். அவர்களில் பலர் அல்ஜீரியர். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வதைத் தவிர அன்று வேறு வழியில்லை.

ஓராண்டுக்குள் நிலைமை மாறியது. கரித்தூள் வடிகட்டி வைத்த முகமூடிகள் மேற்கு முனையில் பரவலாகின. மேலும் கொடிய ஃபாஸ்ஜீனும், 1917-இல் தோலைப் பொசுக்கும் மஸ்டர்டு வாயுவும் களத்துக்கு வந்தன. போர் முடிந்தபோது விஷவாயுவால் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர், பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. போரில் மாண்ட வீரர்களின் மொத்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் அது நூற்றில் ஒரு பங்குதான். வாயுவுக்கு அதிகம் பலியானவர்கள் ரஷ்ய வீரர்கள். அவர்களுக்குத்தான் நல்ல முகமூடி தாமதமாக வந்தது.

போரின் அருவருப்பில் பிறந்தது 1925-ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறை. போரில் விஷவாயுவைப் பயன்படுத்துவதை அது தடுத்தது. தயாரிப்பதையும் சேமித்து வைப்பதையும் தடுக்கவில்லை. எதிரி முதலில் வீசினால் தங்களைக் கட்டுப்படுத்தாது என்ற நிபந்தனையோடுதான் பல நாடுகள் சேர்ந்தன. திருப்பி வீசும் வலிமை உள்ளவனுக்கு அந்த ஏற்பாடு கேடயம். அந்த வலிமை இல்லாதவனுக்கு அது வெறும் தாள். ‘போரில்’ என்ற சொல்லையும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் அரசு தன் சொந்த மக்கள் மீதே வாயு வீசினால் என்ன செய்வது என்பதற்கு நெறிமுறையில் பதில் இல்லை.

தாள் கிழிய பத்தே ஆண்டுகள். நெறிமுறையை ஏற்றிருந்த இத்தாலி, 1935 டிசம்பரிலிருந்து எத்தியோப்பியாவில் மஸ்டர்டு வாயுவைப் பயன்படுத்தியது. வாயு என்ற பெயரே இங்கு நம்மை ஏமாற்றும். அது எண்ணெய் போன்ற திரவம். புல்லிலும் மண்ணிலும் படிந்து நாள்கணக்கில் கிடக்கும். பட்டவுடன் வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் தோல் சிவந்து கொப்புளம் எழும். எத்தியோப்பிய வீரர்களிலும் உழவர்களிலும் பெரும்பாலோர் வெறுங்காலில் நடந்தவர்கள். விமானம் தெளித்துவிட்டுப் போன புல்வெளியைக் கடந்தவனுக்குத் தான் எங்கே எரிந்தோம் என்பதே தெரியாமல் பாதம் வெந்தது. 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்ற பேரரசர் ஹைலே செலாசி, விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து வந்து விடாமல் தெளித்ததை விவரித்தார். வீரர்கள், பெண்கள், பிள்ளைகள், கால்நடைகள், ஆறுகள், ஏரிகள், மேய்ச்சல் நிலங்கள் எல்லாம் அந்த மழையில் நனைந்தன என்றார். குறி வைக்கப்பட்டது ஒரு படை மட்டுமல்ல. அந்தப் படைக்குச் சோறும் நீரும் கொடுத்த நிலம் முழுவதும். சங்கம் கேட்டது, கலைந்தது. இத்தாலியின் பாதுகாப்பு அமைச்சகம் உண்மையை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று.

இரண்டாம் உலகப்போரைப் பற்றிய பாடநூல் வாக்கியம் ஒன்று உண்டு: அதில் விஷவாயு பயன்படவில்லை என்பது. ஐரோப்பியப் போர்க்களங்களைப் பொறுத்தமட்டில் ஏறக்குறைய அது சரி. ஆனால் சீனாவில் ஜப்பான் அதைப் பயன்படுத்தியது. 1942 மே மாதம் ஹெபெய் மாகாணத்தின் பெய்தான் கிராமத்தில், சுரங்கங்களுக்குள் ஒளிந்திருந்தவர்கள் மீது வாயுவைச் செலுத்தி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். திருப்பி அடி விழும் என்று போர்க்களத்தில் தயங்கிய அதே ஜெர்மனி, ஆஷ்விட்ஸ் போன்ற முகாம்களின் பூட்டிய அறைகளில் லட்சக்கணக்கான யூதர்களை வாயுவால் கொன்றது. அதைப் போர் ஆயுதங்களின் வரலாற்றில் சேர்ப்பதில்லை. அந்தப் பிரிப்பு எனக்கு உடன்பாடில்லை. திருப்பி அடிக்க இயலாதவர் மீது மட்டும் வாயு பாய்ந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

ஜெர்மனி அந்த ஆண்டுகளில் இன்னொன்றையும் விட்டுச் சென்றது: நரம்பு நஞ்சுகள். பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936-இல் தாபுனையும், அவரது குழு 1938-இல் சாரினையும் கண்டுபிடித்தது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை முடித்துவைக்கும் நொதியை இவை முடக்குகின்றன. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், இறுகிய தசை தளராமல் மூச்சு நிற்கும். நேரத்தோடு அட்ரோபின் ஊசி போட்டால் சிலர் பிழைக்கலாம். ஊசியும் முகமூடியைப் போலத்தான்: படைவீரன் பையில் இருக்கும், விவசாயி வீட்டில் இருக்காது.

ஈராக்–ஈரான் போரில் இந்த இரண்டு தலைமுறை நஞ்சுகளும் ஒன்றுசேர்ந்தன. ஈராக் 1983 முதல் மஸ்டர்டையும் 1984-இல் தாபுனையும் ஈரானியப் படை மீது பயன்படுத்தியது. ஐ.நா. பொதுச்செயலாளர் அனுப்பிய வல்லுநர் குழு 1984 மார்ச்சிலேயே இதை உறுதி செய்தது. தாடி வைத்த வீரர்களுக்கு முகமூடி முகத்தோடு ஒட்டாமல் வாயு கசிந்தது போன்ற விவரங்களைப் படிக்கும்போது, தற்காப்பு என்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று புரிகிறது. நாளடைவில் ஈரானியப் படை பழகிக்கொண்டது. 1987-இல் வாயு ஊர்களுக்குள் நுழைந்தது. ஏப்ரலில் ஈராக்கின் குர்துப் பகுதியில் பாலிசான், ஷேக் வசான் கிராமங்கள். ஜூன் 28 அன்று எல்லைக்கு அப்பால் ஈரானின் சர்தஷ்த் நகரம். சர்தஷ்த்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர். தப்பியவர்களின் நுரையீரல் பல ஆண்டுகள் கழிந்தும் ஆறவில்லை.

1988 மார்ச் 15 அன்று குர்துப் போராளிகளான பெஷ்மெர்காக்களும் ஈரானியப் புரட்சிக் காவலர்களும் ஹலப்ஜாவைப் பிடித்தனர். மறுநாள் காலை ஈராக் வழக்கமான குண்டுகளால் தாக்கத் தொடங்கியது. எட்டாண்டுப் போரில் பழகிப்போன மக்கள் தங்கள் வீடுகளுக்கு அடியில் தோண்டியிருந்த நிலவறைகளுக்குள் இறங்கினார்கள். மேலே ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பிற்பகலில் வேறொரு வகைக் குண்டு விழுந்தது, சத்தம் குறைவு. நிலவறைக்குள் ஒரு வாசனை வந்தது. ஆப்பிள் போல் இருந்தது என்றார் சிலர், பூண்டு போல் என்றார் வேறு சிலர். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தார்கள், ஈரத்துணியை முகத்தில் அழுத்தினார்கள், தீ மூட்டிப் பார்த்தார்கள். சாரினும் மஸ்டர்டும் காற்றைவிடக் கனமானவை. பள்ளம் தேடி இறங்கும். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றிய அதே நிலவறை வாயு தேங்கும் தொட்டியாக மாறிற்று. உடைந்த ஜன்னல்களால் மேல்தளத்திலும் பாதுகாப்பு இல்லை. முதலில் குண்டு, பின்பு வாயு என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

வெளியே ஓடியவர்களில் பலர் தெருவிலேயே விழுந்தனர். சில நாட்களில் ஈரான் அழைத்து வந்த பத்திரிகையாளர்கள் எடுத்த படங்களில் ஒன்றை உலகம் மறக்கவில்லை. குர்திய உடையணிந்த முதியவர் ஒருவர் வாசற்படியருகே விழுந்து கிடக்கிறார். அவர் கையணைப்பில் ஒரு கைக்குழந்தை. துருத்தி வைத்த அந்தப் பிரிட்டிஷ் கூட்டை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வரலாற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர்? பெயர் திரட்டப்பட்டவர்கள் சுமார் 3,200. வழக்கமாகச் சொல்லப்படுவது 5,000. குடும்பமே மாண்டுபோன வீட்டில் பெயர் சொல்ல ஆள் இல்லை என்பதையும் இந்த இடைவெளியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அன்றைய அமெரிக்க அரசு ஈரானுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்றது. மே 9 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 612-ஆம் தீர்மானம் ரசாயன ஆயுதப் பயன்பாட்டைக் கண்டித்து, இரு தரப்பும் விலகி இருக்க வேண்டும் என்றது. அதில் ஹலப்ஜாவின் பெயரோ குர்துகளின் பெயரோ இல்லை. நெறிமுறையின் அந்த ஓட்டை இங்கேதான் வெளிப்பட்டது: இரு நாடுகளின் போரைக் கண்ட சட்டத்தின் கண்ணுக்கு, சொந்த அரசின் கையால் மடிந்த மக்கள் தென்படவில்லை. ஆகஸ்ட் 20 அன்று போர்நிறுத்தம் வந்தது. ஐந்தாம் நாள், வடக்கே பாதினான் பகுதியின் குர்துக் கிராமங்கள் மீது மறுபடி வாயு இறங்கியது. பல்லாயிரம் பேர் துருக்கிக்கு ஓடினார்கள். எதிரி நாட்டோடு சண்டையே இல்லாதபோது வீசப்பட்ட வாயு அது.

நீதி மெதுவாக, துண்டு துண்டாக வந்தது. குர்துகள் ‘கெமிக்கல் அலி’ என்று அழைத்த அலி ஹசன் அல்-மஜீத் ஹலப்ஜாவுக்காக மரண தண்டனை பெற்று 2010 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். என் பார்வையில் அதைவிடக் கவனிக்கத்தக்கது 2005 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. டச்சு வணிகர் ஃபிரான்ஸ் வான் அன்ராட் ஈராக்குக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தயோடைகிளைகால் விற்றவர். பேனா மையிலும் துணிச்சாயத்திலும் பயன்படும் பொருள் அது. மஸ்டர்டு வாயுவுக்கும் அதுவே மூலப்பொருள். போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது கூடியது. அவரை இனப்படுகொலைக் குற்றத்திலிருந்து விடுவித்த அதே தீர்ப்பு, குர்துகளுக்கு நடந்தது இனப்படுகொலையே என்றும் சொன்னது.

1993-இல் கையெழுத்தாகி 1997-இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தம் பழைய ஓட்டைகள் பலவற்றை அடைத்தது. தயாரிப்பு, சேமிப்பு, பயன்பாடு மூன்றும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்றது. ‘எந்தச் சூழ்நிலையிலும்’ என்ற அந்தச் சொற்களில் ஹலப்ஜாவும் அடங்குகிறது. ஆனால் அடுத்த பெரிய தாக்குதலை நடத்திய நாடு அப்போது ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிரியாவின் கூட்டா பகுதியில் சாரின் ராக்கெட்டுகள் விழுந்தன. ஆகே செல்ஸ்ட்ரோம் தலைமையிலான ஐ.நா. குழுவின் அறிக்கை வானிலையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது: இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே வெப்பம் குறைந்துகொண்டிருந்ததால் காற்று மேலெழாமல் தரையை நோக்கி இறங்கியது, மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த கீழ்த்தளங்களுக்குள் கனமான வாயு புகுந்தது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் அதே நிலவறை.

அக்டோபரில் சிரியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அறிவிக்கப்பட்ட சுமார் 1,300 டன் ரசாயனம் அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேறியது. குளோரின் அந்தக் கணக்கில் இல்லை. குடிநீர் சுத்திகரிப்புக்கு வேண்டிய பொருளை எந்த நாடும் முழுதாக ஒப்படைக்க இயலாது. 1915-இல் தொடங்கிய அதே வாயு, ஹெலிகாப்டரிலிருந்து விழும் சிலிண்டராகத் திரும்பி வந்தது. 2018 ஏப்ரல் 7 அன்று சிரியாவின் டூமா நகரில் அப்படி விழுந்த ஒன்று குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் உடைந்தது. நகரின் மேல் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. குண்டுக்குத் தப்ப வேண்டுமானால் கீழே போக வேண்டும். வாயுவுக்குத் தப்ப வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். அன்று வாயு மேலிருந்தே இறங்கி வந்தது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் புலனாய்வுக் குழு 2023 ஜனவரியில் அங்கு இறந்த 43 பேரை அடையாளம் கண்டு, சிலிண்டரைப் போட்டது சிரிய விமானப் படையே என்று பதிவு செய்தது.